ஏரியூர் மைக்கில் சொல்லப்போவது

மகனுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கும் வழக்கத்தை இந்த ஒரு தடவை விட்டுவிடுகிறேன். தர்மபுரியில் மண்டிக்காரர் வீட்டு மாடியில் ஃபேனுக்குக் கீழே படுத்திருப்பவனுக்கு நலத்தில் என்ன குறை வந்துவிடப் போகிறது? நீ போட்ட இன்லண்டு லெட்டர் வெள்ளிக்கிழமை கிடைத்தது. மடிக்கும் ஓரத்தில்கூட இடம் விடாமல் நெருக்கி எழுதியிருக்கிறாய். அத்தனையும் பிழிந்தால் ஒரு சொட்டுதான் வருகிறது. ஏரியூர்ப் பண்டிகை உன் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் வருகிறது, அங்கே மேடையேறி மைக்கில் நான் எதையும் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதானே? கல்யாணம் முடியட்டும், அப்புறம் நீயே காதர் பாயைப் பார்த்துப் பேசிக்கொள்வாய், அதுவரை நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லத்தான் போகிறேன். இதற்கு மேல் படிக்க இஷ்டமில்லை என்று உன்னால் இதை மடித்து வைக்கவும் முடியாது. ஏனென்றால் இதைக் கொண்டுவந்து கொடுத்தவர் உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். நீ கடைசி வரியைப் படித்து முடிக்கும்வரை எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இந்த உறையை நான் ஒட்டவில்லை. உனக்குத் தெரிந்த கதையை உனக்கே ஏன் இத்தனை விளக்கமாகச் சொல்கிறேன் என்று நினைப்பாய். தெரியாதவர்கள் படிப்பதற்காகத்தான் விளக்கமாக எழுதுகிறேன். தவிரவும், உன் கடிதத்தில் அதை "அந்தச் சின்ன விஷயம்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வார்த்தையைப் படித்தபோதுதான் எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏரியூரில், நூறு பேர் சுற்றி நிற்க, நீ சீட்டாட்டத்தில் திருடி ஜெயித்தாய். திருட்டுப் பட்டத்தைக் காதர் பாய் தலையில் கட்டினாய். உன் தகப்பன் அதைப் பார்த்துக்கொண்டு மரம் மாதிரி நின்றான். இது சின்ன விஷயம் என்றால் பெரிய விஷயம் என்று நீ எதைச் சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை.

"பையன் என்னங்க பண்றான்?" என்ற கேள்விக்கு என்னைப்போல முழித்த தகப்பன் இந்த ஜில்லாவிலேயே இருக்க மாட்டான். பிளஸ் டூவில் இரண்டு தடவை கோட்டைவிட்டு, இரண்டு வருஷம் என்னோடு மாட்டுச் சந்தைக்கு வந்து, அதுவும் பிடிக்காமல் நீ போய்ச் சேர்ந்த இடம் சீட்டாட்டம். சீட்டு ஆடுகிறான் என்றால் ஊரில் சூதாடி என்றுதான் நினைப்பார்கள். ஆனால் உன் ஆட்டம் அது இல்லை. முந்நூற்றிநாலு. நாலு பேர் ஆடுவது, எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஜோடி. முப்பத்திரண்டு சீட்டு. ஏலம் கேட்டு எடுத்தவன் துருப்பைத் தேர்ந்து கவிழ்த்து வைப்பான், அது என்ன ஜாதி என்று அவன் ஜோடிக்குக்கூடத் தெரியக் கூடாது. மேசையில் காசு வைப்பதில்லை. பண்டிகைக்குப் பண்டிகை ஊர்ப் பையன்கள் நடத்தும் போட்டிகள், ஜெயித்தவர்களுக்குப் பரிசு. பாலக்கோட்டில் எவர்சில்வர் அண்டா கொண்டுவந்தாய். அரூரில் சுவர்க் கடிகாரம். ஓசூரில் டேப் ரிக்கார்டர். கிருஷ்ணகிரியில் ஒரு கொழுத்த கிடா, அதை பஸ் கூரைமேல் ஏற்றிக்கொண்டு நீ வந்து இறங்கியதை நம் தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. விழுந்த சீட்டு எது, இன்னும் எவன் கையில் எது இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாய். அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். உனக்கு மூளை இருந்தது. அதனால்தான் இத்தனை ஆத்திரம். மூளையில்லாதவன் திருடினால் பாவம் என்று விட்டுவிடலாம்.

பிறகு புளி மண்டிக்காரர் வந்தார். அவருக்குப் பணம் இருந்தது, மண்டி இருந்தது, வீட்டில் கலர் டிவி இருந்தது. ஊர் ஊராகப் போய்க் கோப்பை வாங்கிப் பேப்பரில் படம் வர வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. ஆட்டம்தான் இல்லை. உன்னை மாசச் சம்பளத்துக்கு ஜோடியாக வைத்துக்கொண்டார். கபடிக் குழுவுக்கு வெளியூர் ஆட்டக்காரனைக் கூட்டிவருவதில்லையா, அந்த மாதிரி. மண்டியில் கணக்குப்பிள்ளை என்று பெயர், அந்தக் கணக்குப் புத்தகத்தை நீ தொட்டிருக்கக்கூட மாட்டாய். "சீட்டாடறதே எனக்கு உத்தியோகம்ப்பா, யாருக்குக் கெடைக்கும்?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாய். நானும் உன் அம்மாவும் சிரித்தோம். யோசித்திருக்க வேண்டும். முந்நூற்றிநாலில் ஜோடி மக்காக இருந்தால் தேவேந்திரனே உட்கார்ந்து ஆடினாலும் ஜெயிக்க முடியாது. நீயோ எல்லா ஊரிலும் ஜெயித்துக்கொண்டே இருந்தாய். அந்த மனுஷனுக்கு எந்தச் சீட்டை எப்போது போட வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. அண்டாவும் கடிகாரமும் வீட்டுக்கு வரும்போது யாருக்குக் கேள்வி கேட்கத் தோன்றும்?

சொல்லிக் கொடுத்தது நான்தான் என்று பிறகு தெரிந்தது. இனி வருவது என் பங்கு, இதையும் சேர்த்துத்தான் மைக்கில் சொல்லப்போகிறேன். நான் மாட்டுத் தரகன். மாட்டுக்கு வயது பல்லில் இருக்கிறது. இரண்டு பல், நாலு பல், ஆறு பல், எல்லாப் பல்லும் முளைத்துவிட்டால் கடை சேர்ந்தது. என் கூட்டாளி முன்னால் போய் மாட்டின் வாயைப் பிடித்துப் பார்ப்பான். கூட்டத்துக்கு இந்தப் பக்கம் நிற்கும் எனக்கு, யாருக்கும் தெரியாமல் சைகை காட்டுவான். காதைத் தொட்டால் இரண்டு பல். தாடையைத் தடவினால் நாலு. மீசையை நீவினால் ஆறு. பிடரியைச் சொறிந்தால் கடை சேர்ந்துவிட்டது. இன்னொன்றும் உண்டு. தோளில் இருக்கும் துண்டை எடுத்து ஒரு உதறு உதறினால், மாட்டில் குறை இருக்கிறது, பேச்சை மாற்று என்று அர்த்தம். நீ என்னோடு வந்த இரண்டு வருஷத்தில் இந்த ஐந்தையும் பிடித்துக்கொண்டாய். நல்லம்பள்ளிப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு ஏரில் பூட்டினால் படுத்துக்கொள்ளும் காளையை விற்றோமே, ஞாபகம் இருக்கிறதா? கூட்டாளி துண்டை உதறினான். நான் கொம்பைப் புகழ்ந்தேன், நிறத்தைப் புகழ்ந்தேன், திமிலைத் தட்டிக் காட்டினேன். அந்த ஆள் ஏர் கட்டிப் பார்க்க வேண்டும் என்பதையே மறந்து மாட்டைப் பிடித்துக்கொண்டு போனார். திரும்பி வரும் பஸ்ஸில் நீ வயிறு வலிக்கச் சிரித்தாய். நானும் சிரித்தேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி உனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பரோட்டாவை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சைக் கரிக்கிறது.

ஏரியூருக்கு வருகிறேன். அந்த வருஷம் பண்டிகைக் கமிட்டிக்காரர்கள் முதல் பரிசாக ஆலம்பாடிக் காளைக்கன்று ஒரு ஜோடி வைத்தார்கள். நல்ல கன்றாகப் பார்த்துப் பிடித்துக் கொடுக்கச் சொல்லி என்னைத்தான் கேட்டார்கள். பிடித்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் கட்டிவிட்டு, கடைசி ஆட்டத்தைப் பார்க்கப் பந்தலுக்குள் வந்து நின்றேன். ஒரு பக்கம் நீயும் மண்டிக்காரரும். இன்னொரு பக்கம் காதர் பாயும் அவர் மச்சானும். காதர் பாய் யார்? என் சந்தையில் இருபது வருஷமாக மாட்டுக்கு லாடம் அடித்தவர். குளம்பைக் கையில் எடுத்தால் மாடு தானாக அடங்கி நிற்கும். காசு வைத்து ஆடும் இடத்துப் பக்கம் அவர் தலைவைத்தும் படுக்க மாட்டார், பரிசு ஆட்டம் என்றால் மட்டும் ஆசையாக உட்காருவார். நான் அவர் முதுகுக்குப் பின்னால்தான் நின்றேன். முதல் கை நீ கேட்டாய், துருப்பைக் கவிழ்த்தாய், காதைத் தொட்டாய். இரண்டாவது கை, தாடையைத் தடவினாய். எனக்குச் சட்டென்று புரியவில்லை. சந்தையில் நிற்கிற நினைப்பில், இங்கே எந்த மாட்டுக்கு நாலு பல் என்று என் மனசு தேடியது. மூன்றாவது கையில் புரிந்துவிட்டது. சீட்டிலும் நாலு ஜாதி, பல்லிலும் நாலு கணக்கு. காது என்றால் ஆர்ட்டின். தாடை என்றால் டயமன். மீசை கிளாவர், பிடரி இஸ்பேட். பஸ் போர்டைப் படிப்பதுபோல உன் கையை நான் படித்துக்கொண்டு நின்றேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பலே, என் பிள்ளை என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு நிமிஷம் இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தைத்தான் என்னால் இன்னும் கழுவ முடியவில்லை.

கடைசிக் கை. நீ பிடரியைச் சொறிந்தாய். மண்டிக்காரர் கொஞ்சம்கூடத் தயங்காமல் இஸ்பேடை இறக்கினார். காதர் பாய் தன் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டார். "மண்டிக்காரரே, துருப்பு இன்னும் கவுந்துதானே இருக்குது? என்ன ஜாதின்னு உங்களுக்கு எப்டிங்க தெரிஞ்சுது?" மண்டிக்காரர் முகம் செத்துப்போனது. அப்புறம் கத்தினார். "யோவ் பாயி, கவுத்து வெச்ச சீட்ட ஓரத்தத் தூக்கிப் பாத்தது நீ. இப்ப என்னக் கேக்கறயா?" கமிட்டிக்காரர் உன்னைக் கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க, நானும் பாத்தேங்க" என்றாய். மூன்று வார்த்தை. அப்புறம் அவர் என் பக்கம் திரும்பினார். "தரகரே, நீங்க பாய்க்குப் பின்னாடியேதான் நிக்கறீங்க. அவரு சீட்டத் தொட்டாருங்களா?" காதர் பாயும் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் இல்லை. நான் இருக்கிறேன் என்ற தைரியம் இருந்தது. நான் சொன்னேன், "கன்னுக்குட்டிங்களப் பாத்துக்கிட்டு இருந்தேங்க. கவனிக்கல." பொய் சொன்னேன் என்றுகூடச் சொல்ல முடியாதபடி ஒரு பொய் சொன்னேன். தரகன் வாய் அல்லவா.

பாய் எழுந்து லாடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். அந்தக் கன்றுகளோடு மண்டிக்காரர் போட்டோ எடுத்துக்கொண்டார், நீ பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாய். அடுத்த சந்தையில் ஒருவன் விளையாட்டாகத் தொடங்கினான். "பாய், ஆணிய எண்ணிக் காட்டிட்டு அடிங்க, உங்க கைய நம்ப முடியாது." நாலு பேர் சிரித்தார்கள். அதற்கு அடுத்த சந்தையில் சிரிப்பு இல்லை, நிஜமாகவே எண்ணிப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் சேலத்துப் பக்கமிருந்து வேறு லாடக்காரன் வந்து உட்கார்ந்தான். அவனிடம் வரிசை நின்றது, பாய் உட்கார்ந்திருந்த புளியமரத்தடியில் ஆள் இல்லை. ஆறு மாசத்தில் அவர் சந்தைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். இதெல்லாம் உனக்குத் தெரியாது. நீ ஊர் ஊராகப் பரிசு வாங்கிக்கொண்டிருந்தாய். நான் ஒவ்வொரு சந்தைக்கும் அந்த மரத்தைத் தாண்டித்தான் நடந்தேன். என் கையிலேயே மருந்து இருந்தது. ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் மகனைக் காட்டிக்கொடுத்த தகப்பன் என்பார்களே என்று பயந்தேன். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பழமொழியை இந்த மாதிரிக் காரியத்துக்குத்தான் பெரியவர்கள் சொல்லி வைத்தார்களா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அப்படியே செத்தும் போயிருப்பேன். என்னை உலுக்கியது ஏரியூர் இல்லை, தீர்த்தமலைப் பக்கம் நாம் உனக்குப் பெண் பார்க்கப் போன அந்த மத்தியானம். நல்ல குடும்பம், பெண் பால்வாடி டீச்சர், பெயர் வளர்மதி. காப்பி கொடுத்துவிட்டு அந்தப் பெண் தூண் ஓரமாக நின்றது. அவள் அப்பா சங்கடத்தோடு கேட்டார், "தப்பா எடுத்துக்காதீங்க. மாப்ள சீட்டு வெளையாட்டுன்னு ஊரு ஊரா சுத்தறதாக் காதுல வுழுந்துச்சு. மெய்யா பொய்யாங்க?" நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், உள்ளதைச் சொல்லத்தான் திறந்தேன். அப்போது நீ சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து ஒரு உதறு உதறி மடியில் போட்டுக்கொண்டாய். அவ்வளவுதான். என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "மண்டியில கணக்குப் பாக்கறானுங்க, பண்டிகைன்னா பசங்களோட ஒக்காருவான், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, உன் நிறத்தையும் படிப்பையும் அடக்கத்தையும் அடுக்கிக்கொண்டே போனேன். கொம்பைப் புகழ்ந்தேன், திமிலைத் தட்டினேன். அந்த மனுஷர் முகம் தெளிந்தது. நல்லம்பள்ளி விவசாயி முகமும் இப்படித்தான் தெளிந்தது. குறையுள்ள மாடு நீ, தரகன் நான், ஏமாறுவதற்கு ஒரு பெண். பஸ்ஸில் வரும்போது நீ என் தொடையில் தட்டி, "கலக்கிட்டீங்கப்பா" என்றாய். அன்றைக்கு உன்னை பஸ்ஸிலிருந்து தள்ளிவிடாதது உன் அம்மா பக்கத்தில் இருந்ததால்தான்.

உன் அம்மா உன் கட்சிதான், அதையும் எழுதிவிடுகிறேன். மைக் விஷயத்தைச் சொன்னதும் அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க? தாலி ஏறட்டும். அப்பறம் நீங்க ஏரியூருல கத்துவீங்களோ, டவுன் பஸ் ஸ்டாண்டுல கத்துவீங்களோ, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள். நான் கேட்டேன், "ஆயிரத்துல ஒண்ணு அந்தப் பாய் பொழப்புமேல இருக்குதே, அதுவுமா கணக்கு?" அவள் அடுப்பங்கரைக்குத் திரும்பிப் போய்விட்டாள். ஆனால் மறுநாள் பார்க்கிறேன், பாலக்கோட்டு அண்டாவைக் கவிழ்த்து மூலையில் போட்டுவிட்டு, பழைய மண்பானையில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். உன் கட்சியில் ஒரு ஓட்டு குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்.

போன வாரம் காதர் பாயைத் தேடிக்கொண்டு ராயக்கோட்டைப் பக்கம் போனேன். ரோட்டோரத்தில் ஒரு வண்டி மாட்டைக் கீழே தள்ளிக் கால்களைக் கட்டி லாடம் அடித்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, "ஒக்காருங்க தரகரே" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆணியை அடித்து முடித்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். காது, தாடை, மீசை, பிடரி. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார், "உங்க பையன் கை காட்டறான்னு ரெண்டாவது கையிலயே எனக்குத் தெரியுங்க. சந்தைல இருவது வருசம் ஒக்காந்தவனுக்கு உங்க சைகை தெரியாதா? அவன்மேல எனக்குக் கோவம் இல்ல, சின்னப் பையன். நான் ஏன் தைரியமா வாயத் தொறந்தேன்? பின்னாடி நீங்க நிக்கறீங்கன்னுதான். கன்னுக்குட்டியப் பாத்தேன்னு சொன்னீங்களே தரகரே. கன்னுக்குட்டிங்க மைதானத்துல இருந்துச்சு. நாம பந்தலுக்குள்ள இருந்தோம்." எனக்கு அழுகை வந்துவிட்டது. ரோட்டில் போகிறவன் வருகிறவன் பார்க்க, அறுபது வயசு ஆள் உட்கார்ந்து அழுதேன். மன்னிப்பு என்று ஏதோ உளறினேன். அவர் கேட்டது ஒன்றுதான். "என்கிட்டத் தனியா சொல்லி என்னாங்க ஆவப்போவுது? அங்க சொன்ன பொய், அங்கயே சொல்லுங்க." சொல்கிறேன் என்று அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தேன். சந்தையில் விரல் பிடித்து விலை பேசுவதுபோலக் கைமேல் துண்டு போட்டு மறைக்காமல் நான் செய்த முதல் பேரம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆக, பண்டிகை அன்று காலையில், பரிசு கொடுக்கும் முன்னால், மேடையேறப் போகிறேன். கமிட்டிக்காரரிடம் பேசியாகிவிட்டது. காதர் பாயும் வருகிறார். நான் பார்த்ததையும் பார்க்கவில்லை என்று சொன்னதையும் சொல்வேன். படுக்கிற காளையையும் சொல்வேன், தரகு போனால் போகட்டும். உன் பெயரைச் சொல்வேனா மாட்டேனா என்பது உன் கையில் இருக்கிறது. நீயே பக்கத்தில் ஏறி நின்று, "ஆமாங்க, நானும் பாத்தேங்க" என்று அன்று சொன்ன அந்த மூன்று வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொண்டால் நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. வரவில்லை என்றால் நானே சொல்வேன், தெளிவாக, ஊர், பெயரோடு. மண்டிக்காரர் உன்னை மாடியிலிருந்து இறக்கிவிடுவார், இனி எந்தப் பந்தலிலும் உனக்குச் சீட்டுப் போட மாட்டார்கள். தெரிந்துதான் எழுதுகிறேன். ஒன்று மட்டும் உன்னை அடித்துக் கேட்க வேண்டும்போல இருக்கிறது. முப்பத்திரண்டு சீட்டையும் மனசில் வைத்திருக்கும் உனக்கு அந்தத் திருட்டு எதற்கடா? ஒரு மக்கைக் கோப்பையோடு படம் எடுக்க வைப்பதற்கா? கழுதை. தோற்றிருந்தால்கூட நல்ல ஆட்டக்காரன் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேனே!

கல்யாணம் என்ன ஆகும் என்று கேட்டிருந்தாய். அதற்கும் ஏற்பாடு செய்துவிட்டேன். நேற்று நான் மட்டும் தீர்த்தமலைக்கு பஸ் ஏறினேன். பால்வாடியில் குழந்தைகளுக்குச் சோறு போட்டு முடித்துவிட்டு வளர்மதி வெளியே வந்தாள். நான் அன்று அவள் வீட்டில் சொன்னது பொய் என்று தொடங்கி, ஒன்று விடாமல் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது, அதனால் பாதியைச் சுவரைப் பார்த்துத்தான் சொன்னேன். கத்துவாள், அப்பாவைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள், "அன்னிக்கு அவரு கர்ச்சீப்ப உதறினத நானும் பாத்தேன் மாமா. தூசின்னு நெனச்சேன்." கல்யாணத்தைப் பற்றி அவள் ஒன்றும் முடிவு சொல்லவில்லை. "ஏரியூருக்கு நானும் வர்றேங்க. அவரு மேடைல ஏறுறாரான்னு பாத்துட்டு எங்கப்பாகிட்டச் சொல்லிக்கறேன்" என்றாள். பிறகு, "இத்தனையும் ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க மாமா. தபால்ல வேணாம். நானே அவரு கையில குடுக்கறேன்" என்றாள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதிவிட்டேன். இப்போது உன் எதிரில் உட்கார்ந்திருப்பது அவள்தான். உன் கைக்கு வரும் முன்பே இதைப் படித்திருப்பாள்.

இனி அவள் உன்னைக் கேள்வி கேட்பாள். என்ன கேட்பாள் என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உன் தகப்பனாக உனக்குச் சொல்ல எனக்கு ஒரே ஒரு புத்திமதிதான் மிச்சம் இருக்கிறது. பதில் சொல்லும்போது இரண்டு கையையும் மேசைமேல் அவள் பார்க்கும்படி வைத்துக்கொள். காதைத் தொடாதே, தாடையைத் தடவாதே, மீசையிலும் பிடரியிலும் கை போக வேண்டாம். வியர்த்துக் கொட்டினாலும் கைக்குட்டையை வெளியே எடுத்துவிடாதே.

ஐந்தையும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

உன் அப்பா